அக்காட நிறத்தில ஒரு வெள்ளைக்காரி

போன கிழமை என்ர பேத்தி கண்ணாடிக்கு முன்னால நிண்டு முகத்துக்கு மாப்பூசிக்கொண்டிருந்தவள். மாவில்லையாம், அதுக்கு இங்கிலீசில ஒரு பேர் இருக்காம். ஆரோ படம் எடுக்கினமாம், நடிக்க ஆள் தேடினமாம், இவளும் போறாளாம். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். வேற ஆரின்ரயோ தலையைக் கொண்டுவந்து இவளில பூட்டினமாதிரிக் கிடந்தது.

"எப்பிடி அம்மம்மா?" எண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆரின்ர முகம்?" எண்டு கேட்டனான்.

கோவிச்சுக்கொண்டு போயிட்டாள். அவள் நிண்டு கேக்கமாட்டாள், அதால உங்களுக்குச் சொல்லுறன்.

எனக்கு அப்ப பால்பல்லு விழுந்துகொண்டிருந்த வயசு. எங்கட வீடு துறைமுகத்துக்குக் கிட்ட. மூதூருக்கு ஆள் ஏத்திக்கொண்டு போற லோஞ்சி வெளிக்கிடேக்க ஊதுற சத்தம் குசினிக்குள்ள கேக்கும். பள்ளிக்கூடத்துக்கு என்னைப் பிடிக்கேல்ல, எனக்கும் அதைப் பிடிக்கேல்ல, நான் எந்த நேரமும் கடற்கரைதான். அப்பா வள்ளத்தில போறவர். அம்மாவின்ர தம்பி, எங்கட மாமா, வெள்ளைக்காரன்ர நேவி இஞ்ச இருக்கேக்க அவங்கட குசினியில வேலை செய்தவர். வெள்ளைக்காரன் போகேக்க ஊருக்குத் துறைமுகத்தையும் மாமாவுக்குக் கொஞ்ச இங்கிலீசையும் விட்டிட்டுப் போனவன். ரெண்டும் பாதி கழண்டுதான் கிடந்தது. எண்டாலும் மாமா அந்த இங்கிலீசைத் துடைச்சுத் துடைச்சு வைச்சிருந்தவர், என்னத்துக்கெண்டாலும் உதவுமெண்டு.

அக்கா என்னைவிட நல்லா மூப்பு. நல்ல கறுப்பு. மழையில நனைஞ்ச நாவல்பழம் மாதிரி மினுங்கிற கறுப்பு. இப்பிடி நான் இண்டைக்குச் சொல்லுறன். அண்டைக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. முன்வீட்டு மாமி "கரிச்சட்டி" எண்டுதான் கூப்பிடுவா. அதுவும் கோவத்தில இல்ல, பாசமாத்தான் கூப்பிடுவா. பாசத்தில கூப்பிட்டா திருப்பி ஏசவும் ஏலாது, பாருங்கோ.

எங்கட கோயிலில பெரியவெள்ளிக்கு முன்னம் கூத்துப் போடுவினம். மாதாவுக்கு வெள்ளைப் பெட்டை வேணும், சிறகு கட்டின சம்மனசுகளுக்கு வெள்ளைப் பிள்ளையள் வேணும். அக்காவுக்கு வருசா வருசம் பேய் வேசம். "கரி பூசிற வேலை மிச்சம்" எண்டு கூத்துப் பழக்கிற அண்ணாவியார் பகிடி விடுவார். எல்லாரும் சிரிப்பினம், அக்காவும் சிரிப்பா. பேய்க்குப் பேச்சில்ல. யூதாசு தூக்குப் போடேக்க பின்னால நிண்டு கயித்தை ஆட்டவேணும், அவ்வளவுதான். நல்லா ஆட்டுவா. கலியாணம் பேசி வாறவையும் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு, அக்காவை ஒருக்கா, என்னை ஒருக்காப் பாத்திட்டு, "சின்னவள் பெரிசானாச் சொல்லியனுப்புங்கோ" எண்டிட்டுப் போவினம். நான் கொஞ்சம் வெள்ளை. முன்பல்லு ரெண்டும் இல்லாத என்னைப் பாத்துத்தான் அந்தக் கதை.

இப்பிடி இருக்கேக்கதான் படக்காரர் வந்தவை. எந்த ஊர் வெள்ளைக்காரரெண்டு எங்களுக்குத் தெரியாது, எல்லாரும் எங்களுக்கு ஒரே வெள்ளைதான். லொறி லொறியாச் சாமான் இறக்கினவை. மாமா தன்ர இங்கிலீசைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாப் போய் நிண்டவர். பின்னேரம் வரேக்க டைரக்டர் துரைக்கு அவர்தான் கையும் வாயும். துரைக்கு ஊர்ச்சனம் வேணுமாம், நாளைக்கு எல்லாரும் கோட்டையடிக்கு வரட்டாம் எண்டு றோட்டெல்லாம் சொல்லிக்கொண்டு போனவர்.

சினிமா எண்டா சனத்துக்கு ஒண்டுதான் தெரியும். சினிமாவில வாற ஆக்கள் வெள்ளை. அவ்வளவுதான். விடியக் கடையளில பவுடர் முடிஞ்சுது. பவுடர் கிடைக்காத வீடுகளில கூப்பனுக்குக் கிடைச்ச ரொட்டி மாவை எடுத்துப் பூசினவை. தமிழரும் பூசினவை, கிண்ணியாச் சோனகரும் பூசினவை, துறைமுகத்தில வேலை செய்த சிங்கள ஆக்களும் பூசினவை. எங்கட ஊரில எல்லாரும் ஒரு நிறமாய் நிண்ட ஒரே ஒரு நாள் அதுதான். வெயில் ஏற ஏற வேர்வையில மாக் குழைஞ்சு, ரொட்டி தட்டுற பதத்துக்கு வந்திட்டுது. டைரக்டர் துரை வந்தார், பாத்தார், தலையில கையை வைச்சுக்கொண்டு மணலில குந்திட்டார். இவ்வளவு தூரம் கப்பலில வந்தது கறுத்த சனத்தைத் தேடி, இதென்ன இது எண்டு மாமாவைக் கேட்டாராம். மாமா எல்லாரையும் கடலில இறங்கி முகத்தைக் கழுவச் சொன்னவர். சனம் முழுக்கக் கடலுக்குள்ள. மீனெல்லாம் அண்டைக்கு ரொட்டிதான் திண்டிருக்கும்.

கழுவத் தேவையில்லாம நிண்டது அக்கா ஒராள்தான். "உனக்கென்னத்துக்குப் பவுடர், கடலுக்குள்ள சீனியைப் போட்டமாதிரி" எண்டு அம்மா குடுக்கேல்ல. என்னைக் கூட்டிக்கொண்டு வரத்தான் அக்கா வந்தவ. துரை கையை நீட்டி அக்காவைக் காட்டினார். அக்கா திரும்பித் தனக்குப் பின்னால பாத்தவ, ஆர் நிக்கினமெண்டு. பின்னால கடல்தான் கிடந்தது.

அண்டைக்கு மத்தியானம் வீட்டில ஒருத்தரும் ஒழுங்காச் சாப்பிடேல்ல.

"பிள்ளையைத்தான் அத்தான் எடுத்திருக்கினம்" எண்டார் மாமா அப்பாவிட்ட.

"என்னத்துக்கு?"

"நிறத்துக்குத்தான்."

"நிறத்துக்கோ? அந்த நிறத்தாலதானே ஒருத்தரும் எடுக்கேல்ல."

"இது சினிமா அத்தான். இவளின்ர முகம் படம் காட்டுற துணியில வீடளவுக்கு வரும். பேந்து பாருங்கோ, இஞ்ச வாசலில செருப்பு வைக்க இடமிருக்காது."

அம்மா வேண்டாமெண்டவ. ஆக்கள் என்ன கதைப்பினம் எண்டவ. அக்கா ஒரு நாளும் அப்பாவுக்கு முன்னால வாய் துறக்காதவ. அண்டைக்குத்தான் துறந்தவ.

"என்ர முகம் ஒருக்கா அந்தத் துணியில வரட்டும் அப்பா. எல்லாரும் ஒருக்காப் பாக்கட்டும். அதுக்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் கேக்கிறன்."

அப்பா சோத்தைப் பிசைஞ்சார். அதுதான் ஓம்.

கடற்கரைக்கு நானும் ஒவ்வொரு நாளும் கூடப்போவன். அங்க ஒரு வெள்ளைக்காரி குடைக்குக் கீழ இருந்தவ. அவதான் கதாநாயகி. கதை இதுதான்: கப்பல் உடைஞ்சு ஒரு வெள்ளைக்காரன் எங்கட கரையில ஒதுங்கிறான். ஒரு கறுத்த மீன்காரப் பெட்டை அவனைக் காப்பாத்திறாள். அவனில ஆசைப்பட்டு, அவனுக்காகக் கடைசியில சாகிறாள். அவன் அழுதிட்டு ஊருக்குப் போறான். அந்தக் கறுத்தப் பெட்டைதான் இந்த வெள்ளைக்காரி. வெயில் பட்டா அவிச்ச றால் மாதிரிச் சிவப்பா. முகம் பூசிற ஒருத்தன் சின்னச் சின்னப் போத்தலோட வந்து, அக்காவை அவவுக்குப் பக்கத்தில ஒரு முக்காலியில இருத்தி, அக்காட கையைப் பிடிச்சுப் பாத்துப் பாத்து மையைக் குழைப்பான். அக்காட கையில ஒரு பொட்டு, வெள்ளைக்காரியின்ர கையில ஒரு பொட்டு. சரிவரேல்லயெண்டாத் திருப்பிக் குழைப்பான். சுவருக்குப் பெயின்ட் பாக்கிறமாதிரி. மத்தியானத்துக்கிடையில எனக்கு ரெண்டு அக்கா. நான் கை தட்டிச் சிரிப்பன்.

அக்காவுக்கும் சந்தோசம். பக்கத்தில இருத்தித்தானே பூசுறான், அடுத்தது தனக்குத்தான் எண்டு நினைச்சவ. அவ உடுத்துக்கொண்டு போன பழஞ்சீத்தையைக் கழட்டி வாங்கி வெள்ளைக்காரிக்குக் குடுத்தவை, பழசு நல்லாயிருக்காம். அக்காவுக்கு ஒரு புதுச்சீத்தை. குந்தி இருந்து மீன் வெட்டுறது, குடத்தை இடுப்பில வைக்கிறது, தலையைச் சரிச்சுச் சிரிக்கிறது, எல்லாம் அக்காதான் காட்டிக் குடுத்தவ. வெள்ளைக்காரி நல்ல மனுசி, ஒண்டும் சொல்லக்கூடாது. அக்காட கையைப் பிடிச்சுக்கொண்டு ஏதோ சொல்லுவா. அக்கா ஓம் ஓம் எண்டுவா. ரெண்டு பேருக்கும் ஒண்டும் விளங்காது.

கடலைப் பாத்து அழுற இடம் ஒண்டிருந்தது. அதை டைரக்டர் துரை வெள்ளைக்காரிக்குப் பழக்கேக்க அக்காவும் பாத்துப் பழகிட்டா. வீட்டு முத்தத்தில நிண்டாக் கடல் தெரியாது, அதால அக்கா கிணத்தைப் பாத்து அழுவா. அம்மா ஓடிவந்து பிடிச்சவ, பெட்டை விழப்போறாள் எண்டு.

மிச்சச் சனத்துக்கு நெத்தியில பெரிய சிவப்புப் பொட்டும் தலையில இறகும். நாங்கள் வேதக்காரர், எண்டாலும் வைச்சுக்கொண்டு நிண்டம். கிண்ணியாச் சோனக அண்ணன் ஒருத்தர், வள்ளக்காரர், காக்கா எண்டுதான் நாங்கள் கூப்பிடுவம், மாமாவிட்டக் கெஞ்சினார். "மச்சான், இந்தப் பொட்டோட ஊட்டுக்குப் போனா பொஞ்சாதி உள்ளுக்கு எடுக்கமாட்டா. இறகு எத்தினையெண்டாலும் குத்து, பொட்டை மட்டும் உடு." மாமா விடேல்ல. பேசிறதுக்கு "உலூ உலூ" எண்டு ஏதோ சத்தம் சொல்லிக் குடுத்தவை. தமிழில கதைக்க ஏலாதோ எண்டு மாமா கேட்டவர். கதைச்சுக் காட்டு எண்டு சொல்லி டைரக்டர் துரை காதை வைச்சுக் கேட்டார். கேட்டிட்டுத் தலையை ஆட்டினாராம், இது இந்த ஊர்ப் பாசை மாதிரி இல்லையெண்டு.

கடைசி நாள். கதையில அந்தப் பெட்டை குடத்தோட கல்லு மணலில ஓடவேணும், செருப்பில்லாம. வெள்ளைக்காரி ரெண்டடி வைச்சவ, கால் கொப்பளிச்சுப் போச்சு, அழுதுகொண்டு குடைக்குக் கீழ போயிட்டா. டைரக்டர் துரை மாமாவிட்ட ஏதோ சொன்னார். மாமா அக்காவிட்ட வந்து, "பிள்ளை, உன்ர இடம் வந்திட்டுது" எண்டார். கமராவைத் தூக்கி நிலத்தில, மணலோட மணலா வைச்சவை.

"ஏன் மாமா கமராவைக் கீழ வைச்சிருக்கு?" எண்டு நான்தான் கேட்டனான்.

மாமா என்னைப் பாக்கேல்ல. "கீழ இருந்து எடுத்தாத்தான் ஆள் உயரமாத் தெரியும்" எண்டார்.

அக்காவுக்கு அது கேட்டுது. கேட்டுக் கழுத்தை நிமித்தினவ. மயிரை ஒதுக்கி, முகத்தைக் கமராப் பக்கம் திருப்பிச் சிரிச்சுக்கொண்டு ஓடினவ. திருப்பி ஓடச் சொன்னவை, ஓடினவ. வெயில் சாயுமட்டும் ஓடினவ. அந்தச் சிரிப்பை நான் இண்டைக்கும் மறக்கேல்ல. அதை அந்தக் கமரா காணேல்ல, நான் கண்டனான்.

படக்காரர் போயிட்டினம். படம் வருமெண்டு மாமா சொல்லிக்கொண்டே இருந்தவர். அக்கா பெரிய கடைத்தெருவில நடுவால நடக்கத் தொடங்கினா. முந்தி ஓரத்தாலதான் போவா. அண்ணாவியார் கூத்துக்குப் பேய் தேடி வர, "இந்த வருசம் ஏலாது அண்ணாவியார்" எண்டவ. அந்தாள் எங்கட வாசல் படலையைப் பூட்டாமலே போனவர். புல்மோட்டையில இருந்து ஒரு பெஞ்சாதி செத்த மனுசன் கேட்டு வந்தவர். வயசுபோன ஆள், எண்டாலும் நிறத்தைப் பற்றி ஒண்டும் கேக்கேல்ல. அம்மா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினவ.

"படம் வரட்டும் அம்மா" எண்டா அக்கா. "என்ர முகத்தை அவரும் ஒருக்காப் பாத்திட்டு வரட்டும்."

அப்பாவும் சரி எண்டிட்டார். அந்த மனுசன் கொஞ்ச நாள் பாத்திட்டு வேற இடத்தில கட்டிட்டார். அக்காவைக் கேட்டு எங்கட படலையைத் துறந்த கடைசி ஆள் அவர்தான். அது அண்டைக்கு எங்களுக்குத் தெரியாது.

பிறகு ஒரு நாள் எங்கட ஊர்க் கொட்டகைக்குப் படம் வந்துது. பகல் மெட்டினிக்கு எங்கட றோட்டு முழுக்கப் போனது. பந்தலைப் பிடுங்கிக்கொண்டு போற கலியாண வீடு மாதிரி. மாமாதான் முன்னுக்கு. முன்வீட்டு மாமியும் வந்தவ, அண்ணாவியாரும் வந்தவர். வெளிக்கிடேக்க அம்மா தானாப் பவுடர் டின்னை எடுத்து நீட்டினவ. வாழ்க்கையில முதல் தரம். அக்கா வேண்டாமெண்டவ.

"பூசினா துணியில வாறது நான்தான் எண்டு ஆக்களுக்கு மட்டுக்கட்ட ஏலாமப் போயிடும் அம்மா."

லைட் நூந்து இருட்டாச்சுது. எங்கட கடல் வந்துது, சனம் விசிலடிச்சுது. ஆரின்ர வள்ளம், ஆரின்ர வலை எண்டு கத்தினவை. கிண்ணியாக் காக்கா பொட்டோட ஒரு மூலையில வந்து போனார். பிறகு முகம் வந்துது. வீடளவுக்கு. அக்காட நிறம், அக்காட சீத்தை, அக்கா சரிக்கிற மாதிரிச் சரிச்ச தலை, அக்காட சிரிப்பு. முகம் வெள்ளைக்காரியின்ர.

"என்ன வடிவான பெட்டை" எண்டா முன்வீட்டு மாமி, எங்களுக்குப் பின்னால வாங்குப்பலகையில இருந்து. "கறுப்பெண்டாலும் பாரன், என்ன ஒரு மினுக்கம். இந்த நிறத்துக்குக் குடுத்துவைக்கவேணும்."

அம்மா சேலைத் தலைப்பால வாயைப் பொத்தினவ. அக்கா முன்னுக்குச் சரிஞ்சு இருந்தவ. ஒவ்வொரு இடமா வர வர இன்னும் சரிஞ்சவ. தான் இனித்தான் வருவன் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தவ. இடைவேளைக்கு லைட் போட, ஆக்கள் திரும்பி, "எங்க உங்கட பெட்டையைக் காணேல்ல?" எண்டு மாமாவைக் கேட்டினம். "பின்பாதியில" எண்டார் மாமா. கச்சான் கடலை வாங்கப் போறன் எண்டிட்டுப் போனவர், லைட் நூந்தாப்பிறகுதான் திரும்பி வந்தவர்.

பின்பாதியும் ஓடிச்சுது. பின்வாங்கில குசுகுசு தொடங்கிட்டுது. பெட்டை சாகப்போற இடம் கிட்டுது, அவனைக் காப்பாத்த ஓடவேணும். துணி முழுக்க ரெண்டு கால் வந்துது. கறுத்த கால், வெடிச்ச குதி, கல்லு மணலில பட்டுப் பட்டு எழும்புது.

மாமா எழும்பி நிண்டிட்டார். அவரின்ர தலை துணியில கறுப்பா விழுந்துது.

"அந்தக் கால்" எண்டார். "அந்தக் கால் எங்கட பிள்ளையின்ர கால்."

இருட்டுக்குள்ள இருந்து அண்ணாவியாரின்ர குரல் வந்துது.

"அப்ப மிச்சத்தை எங்க விட்டவை?"

கொட்டகை முழுக்கச் சிரிச்சுது. அப்பிடி ஒரு சிரிப்பை நான் அதுக்கு முதல் கேக்கேல்ல. நானும் சிரிச்சனான், எல்லாரும் சிரிக்கினம் எண்டு. துணியில அந்தக் கால் ரெண்டும் நிக்காம ஓடிக்கொண்டே கிடந்தது.

அக்கா அழேல்ல. மெதுவாச் செருப்பைக் கழட்டிப்போட்டு, காலை ரெண்டையும் வாங்குக்கு மேல தூக்கி வைச்சு, சேலைக்கரையை இழுத்து, பெருவிரல்கூடத் தெரியாம மூடினவ. மூடிக் கையால இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தவ.

அந்தக் கொட்டகை வாங்குகளில மூட்டைப்பூச்சி மோசம், எல்லாருக்கும் தெரியும். அக்காவைக் கடிச்சிட்டுதாக்கும் எண்டு நினைச்சு நானும் காலைத் தூக்கி மேல வைச்சனான். படம் முடிஞ்சு லைட் போட்டும், சனம் எழும்பிப் போயும், அக்கா காலைக் கீழ வைக்கேல்ல. நான் இறங்கி, முழங்காலில நிண்டு, வாங்குக்குக் கீழ குனிஞ்சு தேடினனான். பலகை இடுக்கெல்லாம் விரலை விட்டுத் தேடினனான்.

"இஞ்ச ஒரு பூச்சியும் இல்ல அக்கா" எண்டனான். "நீங்கள் பயப்பிடாமக் காலை வையுங்கோ."